ஸ்பீடோமீட்டர் பழுதான காரில் ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் மாட்டிக்கொள்ளலாமா?

சாட்டிலைட் சிக்னலை வைத்து வேகம் சொல்லும் இந்த மீட்டரை மாட்டலாம். ஆனால் எது பழுது என்று கண்டுபிடித்த பிறகு மாட்டுங்கள். "மீட்டர் சரியாகக் காட்டவில்லை, ஜிபிஎஸ் மீட்டர் போடலாமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். முள் செத்துக் கிடக்கிறதா, படபடவென்று ஆடுகிறதா, இல்லை போன் மேப்பில் 93 காட்டும்போது முள் 100-ல் நிற்கிறதா என்று சொல்லவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் பிரச்சினை என்றால், மீட்டரில் பழுதே இல்லை. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் கீழே போகவே கூடாது. மேலே போகலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. வரை அனுமதி. வண்டி 100-ல் ஓடும்போது முள் 114 காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். குறைத்துக் காட்டி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். மாறாக, முள் குறைத்துக் காட்டினால் முதலில் டயரைப் பாருங்கள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. அதே ரிம்மில் 205/65 போட்டால் 647.5 மி.மீ. நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். முன்பு 104 காட்டிய இடத்தில் இப்போது 100 காட்டும். அளவு சரியான டயரைப் போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு டேஷ்போர்டில் ஓட்டை போட வேண்டியதில்லை.

உண்மையிலேயே பழுது என்றால், கேபிளில் ஓடும் பழைய மீட்டரா, சென்சாரில் ஓடும் மீட்டரா என்று பாருங்கள். கேபிள் மீட்டரில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். கிலோமீட்டர் எண்கள் மட்டும் பல்சக்கரத்தில் நேரடியாக ஓடும். ஆகவே முள் செத்து, கிலோமீட்டர் எண் ஓடினால் மீட்டர் தலைதான் பழுது. இரண்டும் நின்றிருந்தால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். முள் ஆடினால் கேபிள் வறண்டிருக்கிறது, இல்லை எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது. உள்கேபிளை உருவி, கியர்பாக்ஸ் பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மட்டும் கிரீஸ் தடவுங்கள். மேல் முனை வரை அப்பினால் கேபிள் சுழலச் சுழல கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய், கிண்ணத்தைக் காந்தத்தோடு ஒட்டவைக்கும். பிறகு முள் எகிறி மேலேயே நிற்கும்.

சென்சார் மீட்டர் என்றால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சொருகி, வண்டியை ஓட்டி, இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும் வேகத்தைப் பாருங்கள். ஸ்கேனரில் வேகம் சரியாக வந்து முள் மட்டும் அசையாவிட்டால் மீட்டர் கிளஸ்டர் (டேஷ்போர்டில் மீட்டர்கள் எல்லாம் சேர்ந்த பெட்டி)தான் குற்றவாளி. பெரும்பாலும் முள்ளைத் திருப்பும் சின்ன ஸ்டெப்பர் மோட்டாரோ காய்ந்துபோன சால்டரோ காரணம். ஸ்கேனரிலும் பூஜ்யம் என்றால் சென்சார், அதன் கனெக்டர், வயர் ஆகியவற்றில் ஒன்று. பி0500 என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிற வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிச் சோதிப்பவர்கள் கவனிக்க: இன்னொரு சக்கரம் நிலையாக இருப்பதால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) கணக்கில் மீட்டர் பாதி வேகம்தான் காட்டும். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் இந்த வேலையில் இறங்கவும் வேண்டாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், சென்சார் தரும் வேகம் முள்ளுக்கு மட்டும் போவதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் மாறுவது, க்ரூஸ் கன்ட்ரோல், வேகத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங் இறுகுவது, கதவு தானாகப் பூட்டிக்கொள்வது என்று பலவும் அதை நம்பியிருக்கின்றன. புது கார்களில் அந்தத் தகவலே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சக்கர சென்சார்களிலிருந்துதான் வருகிறது. அங்கே பழுது என்றால் பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். ஜிபிஎஸ் மீட்டர் உங்கள் கண்ணுக்கு மட்டும் வேகம் சொல்லும், கியர்பாக்ஸுக்குச் சொல்லாது. ஆக, மீட்டர் தலை போயிருந்தால் ஜிபிஎஸ் நியாயமான மாற்று. சென்சார் போயிருந்தால் சென்சாரை மாற்றுங்கள். அது கிளஸ்டரைவிட மிக மலிவு, பல வண்டிகளில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும்.

வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடியில் வேகம் தெரியும் என்று விற்கும் குட்டிப் பெட்டிகளில் இரண்டு ஜாதி. ஒன்று ஜிபிஎஸ், மற்றது ஓபிடி சாக்கெட்டில் சொருகுவது. இரண்டாவது, வண்டியின் சென்சார் சொல்வதை அப்படியே படிக்கும். சென்சார் செத்த காரில் அது பளபளப்பாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ் துல்லியமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: நல்ல ரிசீவர் இரண்டு இடங்களுக்கு நடுவே தூரத்தை அளந்து நேரத்தால் வகுப்பதில்லை. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலின் டாப்ளர் மாற்றத்தை, அதாவது வேகத்தால் அலைவரிசை நகர்வதை, அளக்கிறது. வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் மாறினால் அலைவரிசை சுமார் 5 ஹெர்ட்ஸ் நகரும். அதை எளிதாகப் பிடித்துவிடும். திறந்த சாலையில் சீரான வேகத்தில் போகும்போது எந்த முள் மீட்டரையும்விட இது நம்பகமானது. மலைச்சாலையில் கிடைமட்ட வேகத்தைத்தான் காட்டும் என்று குறை சொல்வார்கள். பத்து சதவீத ஏற்றத்தில்கூட அந்தப் பிழை அரை சதவீதம்தான், விட்டுத்தள்ளுங்கள்.

உண்மையான பலவீனம் தாமதம். நொடிக்கு ஒருமுறை மட்டும் கணக்கிடும் மலிவான மீட்டரை வாங்காதீர்கள். பத்து நொடியில் 100-ஐத் தொடும் காரில் ஒரு நொடித் தாமதம் என்றால் 10 கி.மீ. பின்தங்கல், முள்ளும் தத்தித் தத்திப் போகும். நொடிக்கு 5 முறை, முடிந்தால் 10 முறை கணக்கிடுவதாகப் பாருங்கள். அடுத்த பலவீனம் சுரங்கப்பாதையும் பல மாடி பார்க்கிங்கும். சிக்னல் போனதும் சில மீட்டர் கருவிகள் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு (--) காட்டும், சில பூஜ்யத்துக்கு விழும், சில கடைசி வேகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசி வகை ஆபத்து. கோடு காட்டுவதே நேர்மை.

மாட்டும் வேலைக்கு வருவோம். வட்ட மீட்டர்களில் பரவலான அளவு 85 மி.மீ.; சின்னது 52 மி.மீ. ஓட்டை போடுவதற்கு முன் பின்பக்க ஆழத்தையும் கனெக்டர் நீட்டிக்கொள்ளும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருந்து பிறகு கை வையுங்கள். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலையைப் பார்த்து இணையுங்கள். முதன்மை பாசிட்டிவை, சாவி ஆன் நிலையில் உயிர்பெற்று ஸ்டார்ட் செய்யும்போதும் இருக்கும் லைனிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுங்கள். ரேடியோ போன்றவற்றுக்கான ஆக்சஸரி லைனில் எடுத்தால் ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் கரண்ட் போய் மீட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயில் லைனில் கைவைக்கவே வேண்டாம், இரைச்சல் அதிகம். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் கொடுங்கள். லைட் வயர் பார்க் லைட்டோடு.

நினைவுக்கென்று தனி வயர் இருந்தால் அதை எப்போதும் கரண்ட் உள்ள லைனில்தான் கொடுக்க வேண்டும். பல எலக்ட்ரீஷியன்கள் இதையும் முதன்மை பாசிட்டிவையும் சேர்த்து முறுக்கிச் சாவி லைனில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாட்டிலைட்டுகளின் பாதைத் தகவல் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும். அந்தத் தகவலை ஒரு சாட்டிலைட் முழுதாக அனுப்பவே 30 நொடி ஆகும். நீங்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் மீட்டர் கண்விழிக்கும்.

ஆன்டெனாவில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கின் அடியில் வைக்கலாம், ஆனால் சதுர முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே உலோகம் இருக்கக் கூடாது. வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சு முன்கண்ணாடியில் இருந்தால் சிக்னல் உள்ளே வராது. அப்படிப்பட்ட கண்ணாடிகளில் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள், அங்கே ஒட்டுங்கள். மலிவான டேஷ்கேம் பக்கத்தில் வேண்டாம். டேஷ்கேமை ஆன் செய்தால் மட்டும் சாட்டிலைட் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மிச்சக் கேபிளை வெட்டாதீர்கள், இறுக்கிச் சுற்றாதீர்கள்.

பழைய மீட்டரின் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஜிபிஎஸ் வேகத்தை, சென்சார் தருவது போன்ற பல்ஸாக (மின்துடிப்பாக) மாற்றித் தரும் பெட்டியும், கேபிள் மீட்டருக்கு மோட்டார் வைத்துக் கேபிளைச் சுழற்றும் பெட்டியும் கிடைக்கின்றன. பல்ஸ் பெட்டியில் அமைப்பு மைல் கணக்கில் இருக்கும். மைலுக்கு 4,000 பல்ஸ் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 2,485. ஜப்பானிய மீட்டர்கள் பல கிலோமீட்டருக்கு 637 சுற்று, சுற்றுக்கு 4 பல்ஸ் என்று 2,548 எதிர்பார்க்கும். அப்படியே மாட்டினால் இரண்டரை சதவீதம் குறைத்துக் காட்டும். இந்தப் பல்ஸை மீட்டருக்கு மட்டும் கொடுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் சுரங்கத்தில் நுழைந்ததும் அது வண்டி நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

"போனை ஸ்டாண்டில் வைத்தாலே போதுமே, இத்தனை எதற்கு" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: அவசரத்துக்குப் போதும், நானும் மறுக்கவில்லை. அழைப்பு வந்தால் வேகம் மறையும், வெயிலில் சூடேறினால் திரை மங்கும், வாகனத் தகுதிச் சோதனையில் அதைக் காட்டித் தப்ப முடியாது. வண்டியோடு வந்த மீட்டர் வேலை செய்ய வேண்டும் என்று கேட்கும் சோதனையில் ஜிபிஎஸ் மீட்டரும் செல்லாமல் போகலாம், முன்கூட்டியே விசாரியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விற்பதற்குச் சில காலம் முன்பே கேபிளைக் கழற்றிவிட்டு, "மீட்டர் ரிப்பேர் சார்" என்று அப்பாவி முகம் காட்டும் வியாபாரம் இன்னும் நடக்கிறது. எண் குறைவாக இருக்கும். தேய்ந்த பெடல் ரப்பரும் வழுக்கும் ஸ்டீயரிங்கும் வேறு கதை சொல்லும். அந்தக் கூட்டத்தால்தான், நேர்மையாக மீட்டர் மாற்றியவரையும் வாங்க வருபவர் சந்தேகத்தோடு பார்க்கிறார். ஜிபிஎஸ் மீட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும், சுரங்கத்துக்குள் ஓடிய தூரத்தையும் விட்டுவிடக்கூடும். எனவே பழைய மீட்டரின் கடைசி எண்ணைத் தேதியோடு போட்டோ எடுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் அந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள், சர்வீஸ் புத்தகத்திலும் பதியுங்கள். கழற்றிய மீட்டரைத் தூக்கிப் போடாமல் வண்டியை விற்கும்போது கூடவே கொடுங்கள்.