ஜேஇஇ கணக்கு விடையை எதோடு ஒப்பிடுவது?

"தேர்வு முடிந்து வந்ததிலிருந்து பையன் போனும் கையுமாக நண்பர்களோடு கணக்கு விடைகளைச் சரிபார்க்கிறான். ஒவ்வொன்றாகத் தப்பு, தப்பு என்கிறான். சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறான்." பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் நடக்கும் நாட்களில் பெற்றோரிடமிருந்து வரும் கவலை இது. அந்த நண்பன் எந்த ஷிஃப்டில் எழுதினான் என்று முதலில் கேளுங்கள். தேர்வு பல நாள், காலை மாலை என நடக்கிறது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வினாத்தாள் வேறு. ஒரே ஷிஃப்ட் என்றாலும் கேள்விகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். "ஏழாவதுக்கு நான் மூணு போட்டேன், நீ?" என்ற பேச்சில் ஒன்றும் தெரியாது. அன்று இரவே இணையத்தில் சுற்றும் விடைகளும் பெரும்பாலும் மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளுக்குப் போட்டவை. தொகையீட்டில் ஒரு எல்லை மாறினாலே விடை மாறிவிடும்.

சரிபார்க்க வேண்டியது, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும்போதுதான். அதோடு உங்கள் பிள்ளை பதிந்த விடைகள் அடங்கிய ரெஸ்பான்ஸ் ஷீட்டும் வரும். இரண்டையும் உடனே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஷீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நீண்ட அடையாள எண் இருக்கும்; நான்கில் ஒன்றைத் தேரும் கேள்வியானால் அந்த நான்கு விடைகளுக்கும் தனித்தனி அடையாள எண்கள் இருக்கும். 'தேர்ந்த விடை: 3' என்றிருந்தால், மூன்றாம் விடையின் அடையாள எண் எது என்று பார்த்து, அதைத்தான் விடைக்குறிப்பில் உள்ள எண்ணோடு பொருத்த வேண்டும். கேள்வியின் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் சரியான விடையும் தப்பாகத் தெரியும். ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் டிக் போடுங்கள்; கணக்கின் 25 கேள்விக்கு அரை மணி போதும்.

சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நான்கு விடை கொடுக்காமல், விடையை எண்ணாகத் தட்டச் சொல்லும் ஐந்து கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பழைய விதி. 16 கேள்வி எழுதி 13 சரி என்றால் 52, மூன்று தப்புக்குக் கழித்து 49. தப்பெனக் காட்டிய ஒன்று இறுதி விடைக்குறிப்பில் சரியாகிவிட்டால் கூடுவது 4 அல்ல, 5. ஆகவே விடைக்குறிப்பே தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஆட்சேபம் தெரிவியுங்கள். கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது, சில நாள்தான் அவகாசம். முழுத் தீர்வை வரிவரியாக எழுதி, கணித ஆசிரியர் ஒருவரிடம் காட்டிய பிறகு பணம் கட்டுங்கள். 'எனக்கு வேறு விடை வந்தது' என்பது ஆதாரமாகாது. இறுதி விடைக்குறிப்பு வந்தபின் கேட்க வழியில்லை.

இந்த 49 எத்தனை பர்சன்டைல் என்று இப்போதே கேட்காதீர்கள். அதே ஷிஃப்டில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அவனுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தார்கள் என்பதுதான் பர்சன்டைல். வேறு ஷிஃப்டில் அதே 49 வேறு இடத்தில் நிற்கும். மொத்தத்தில் இருவர் சமமாக வந்தால் முதலில் பார்ப்பது கணக்கைத்தான் என்பதால், இந்தப் பாடத்தின் ஒவ்வொரு தப்பும் கவனிக்கத் தக்கது.

தப்பானவற்றைத் தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள், நேரம் பார்க்காமல். வந்துவிட்டால் அது பாடம் தெரியாத தப்பு இல்லை. உதாரணமாக, பின்னத்தைச் சுருக்கித் தொகுதியையும் பகுதியையும் கூட்டச் சொன்ன கேள்வி. 18/4 என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டு, சுருக்காமல் 22 என்று தட்டியிருப்பான். 9/2 ஆக்கி 11 தட்டியிருக்க வேண்டும். இந்த வகைக்கு மறுபடி பாடம் படித்துப் பயனில்லை; கேள்வியின் கடைசி வரியை விடை தட்டும் முன் ஒருமுறை வாசிக்கும் பழக்கம்தான் மருந்து. மறுபடி போட்டும் வராத கேள்விகள் எந்தப் பாடத்திலிருந்து வந்தவை என்று மட்டும் குறித்து வையுங்கள். ஜனவரியில் எழுதியவருக்கு ஏப்ரலிலும் வாய்ப்பு உண்டு, இரண்டில் சிறந்ததைத்தான் தரவரிசைக்கு எடுக்கிறார்கள். இடையில் பொதுத்தேர்வும் வருவதால், அந்தக் குறிப்பில் இருக்கும் இரண்டு மூன்று பாடங்களைத் தாண்டி வேறெதையும் புதிதாகத் தொடங்க விடாதீர்கள்.