பழைய டாப் எண்ட் புராசஸர் வாங்கலாமா? – கேள்வி பதில்

கே: பி550 போர்டு, ரைசன் 5 3600 புராசஸர், 32 ஜிபி டிடிஆர்4 ராம் இருக்கிறது. பிளெண்டர் (3டி மென்பொருள்) வேலைக்கு அதே ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 9 5950எக்ஸ் போடலாமா, மொத்தமாகப் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு மாறலாமா?

ரெண்டர் எதில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸை கிராபிக்ஸ் கார்டில் ஓட்டினால் இரண்டுமே வீண் செலவு. சிபியுவில்தான் என்றால் 5950எக்ஸ் போடுங்கள். 2020-இல் வந்த ஜென் 3 சிப்தான், ஆனால் 16 கோரும் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நிரம்பி ஓடும் வேலையில் இன்றும் சளைக்காது. முக்கியமாக, உங்களுக்குச் சிப் செலவு மட்டும்தான். ஏஎம்5 என்றால் போர்டும் டிடிஆர்5 ராமும் சேரும். எப்போதும் சிப் விலையை விடுங்கள், சிப் + போர்டு + ராம் கூட்டிப் பாருங்கள்.

மாற்றும்போது: பழைய 3600 இருக்கும்போதே பயோஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். பிறகு பத்து நிமிடம் லோடு கொடுத்து, சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை இடவலமாகத் திருகியபடி எடுங்கள். நேராக இழுத்தால் சிப் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூலரோடு வரும், அதன் பின்கள் (ஊசிகள்) வளையும். ஏஎம்4-இல் பின்கள் சிப்பில்தான் இருக்கின்றன. மாட்டியபின் பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள்.

5950எக்ஸ் 142 வாட் வரை இழுக்கும். பெட்டியில் கூலர் கிடையாது, 3600-உடன் வந்த குட்டிக் கூலர் தாங்காது. போர்டின் விஆர்எம் (சிப்புக்கு மின்சாரம் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இல்லையென்றால் நீண்ட ரெண்டரில் வேகம் விழும். அப்போது பயோஸில் மின்சார இழுப்பைக் குறைக்கும் ஈகோ மோடை 65 வாட்டில் வையுங்கள், இழுப்பு 88 வாட்டில் நிற்கும்.

கே: கேம் மட்டும்தான் ஆடுவேன். 5950எக்ஸ்?

வேண்டாம். அது எட்டெட்டு கோராக இரண்டு சிப்லெட் (சிறு சிப் துண்டு), தலா 32 எம்பி எல்3 (சிப்புக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்). எட்டுக்கு மேல் கோர் கேட்கும் கேம் அரிது. அதே சாக்கெட்டில் 5800எக்ஸ்3டி-க்கு எட்டு கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3. கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கே: இன்டெலின் பழைய சர்வர் சிப் ஜியான் இ5-2680 வி4, எக்ஸ்99 போர்டு, ராம் சேர்த்து செட்டாக மலிவாக வருகிறதே?

14 கோர் என்பது உண்மை. ஆனால் அது 2016-இன் பிராட்வெல் தலைமுறை. எல்லா கோரும் ஓடினால் 2.9 கிகாஹெர்ட்ஸ். ஆறே கோர் உள்ள ரைசன் 5 7600 மொத்த வேலையில் ஏறத்தாழ அதைப் பிடித்துவிடும், ஒற்றை த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடும் வேலை) சுமார் இரண்டு மடங்கு வேகம். போர்டிலும் கவனம்: பெயர் தெரியாத 'எக்ஸ்99' போர்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது சாதாரண டெஸ்க்டாப் போர்டுகளுக்கான க்யூ87, பி85 சிப்செட். ஸ்லீப் வேலை செய்யாமல் போவது சகஜம், பயோஸ் அப்டேட்டை எதிர்பார்க்காதீர்கள்.

கே (அவரே): நான் கோடு கம்பைல் செய்பவன். 28 த்ரெட்டும் நிரம்பும். 7600 சிப் விலைக்கே எனக்கு முழு செட் வருகிறது!

கம்பைல் த்ரெட்களை நிரப்பும், லிங்க் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கடைசிப் படி) நிரப்பாது. ஒரு வரி மாற்றி மறுபடி பில்ட் செய்யும்போது நீங்கள் காத்திருப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை த்ரெட்டுக்காகத்தான். விண்டோஸ் 11 இந்தச் சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

கே (இன்னொருவர்): அவர் லினக்ஸ் போட்டுக்கொள்வார். கரண்ட் கணக்கும் பெரிசில்லை.

லினக்ஸ், சரி. 128 ஜிபி ரெஜிஸ்டர்டு ராம் (சர்வர் வகை ராம்) போட்டு வர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவருக்கு நானே இதைச் சொல்வேன். கரண்டை மட்டும் கணக்குப் போட்டுவிடுங்கள். புதுச் சிப்பைவிட 60 வாட் கூடுதல் என்றால் தினம் 8 மணி நேரத்துக்கு மாதம் 14.4 யூனிட், 100 வாட் என்றால் 24. அடுக்குக் கட்டணத்தில் இந்த யூனிட்கள் உங்கள் மேல் அடுக்கில் போய் உட்காரும். வாங்குமுன் மூன்று வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

கே: த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ், 32 கோர்?

சுவாரசியமான சிப், மோசமான முதலீடு. உள்ளே நான்கு டை (தனித்தனி சிலிக்கான் துண்டு), ராமோடு நேரடியாக இணைந்தவை இரண்டுதான். மற்ற 16 கோரும் அடுத்த டை வழியாகத்தான் நினைவகத்தைத் தொட வேண்டும். ரெண்டரில் பறக்கும், ராமை அதிகம் தொடும் வேலையில் திணறும். அடுத்து வந்த த்ரெட்ரிப்பர் 3970எக்ஸ் இதைச் சரிசெய்தது. ஆனால் அதன் டிஆர்எக்ஸ்40 போர்டு ஒரே தலைமுறையோடு நின்றுபோனது. போர்டு செத்தால் சிப் அலமாரிக்கு. நான்கு கிராபிக்ஸ் கார்டு மாட்டும் அளவுக்கு பிசிஐஇ லேன் (கார்டுகளைச் சிப்போடு இணைக்கும் பாதை) வேண்டுமென்றால் மட்டும் யோசியுங்கள்.

கே: இன்டெல் ஐ7-6950எக்ஸ் அன்று 1723 டாலர். இன்று சல்லிசாக வருகிறது, நல்ல பேரம்தானே?

அன்றைய விலை இன்றைய வேகம் ஆகாது. அதுவும் பிராட்வெல்தான், மேலே ஜியான் பதில் இதற்கும் பொருந்தும். போர்டு விலையைப் பார்த்தீர்களா?

கே: பழைய இன்டெல் ஐ9-14900கே?

பில்லோடு வந்தால் மட்டும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அதிக வோல்டேஜால் தேய்மானம் வந்தது. 2024-இல் பயோஸ் அப்டேட்டாக வந்த 0x129, 0x12பி மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கவே, ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. கேம் தொடக்கத்தில் ஷேடர் (கிராபிக்ஸ் நிரல்) கம்பைல் ஆகும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று கேம் விழுந்தாலோ, பெரிய ஜிப் கோப்பு பிரியும்போது பிழை வந்தாலோ தொடாதீர்கள். இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறது, பில் கேட்பது அதற்குத்தான்.

கே: கேமுக்கு 5950எக்ஸ் எப்படி?

இரண்டாம் பதில்.

கே: கேமும் ஸ்ட்ரீமும் சேர்த்து என்றால்?

ஸ்ட்ரீமை கிராபிக்ஸ் கார்டின் என்கோடரிடம் விடுங்கள். பிறகு இரண்டாம் பதில்.

கே: லேப்டாப்பில் பழைய ஐ9?

லேப்டாப் எனக்குத் துறை இல்லை. அதில் பெயரைவிடக் கூலிங்தான் முடிவு செய்யும், அந்த மாடலைப் பிரித்துப் பார்த்த யாரிடமாவது கேளுங்கள்.