அதே அட்டை, வேறு தறி

பழைய டிவி கேம்களை இன்றைய போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓட வைக்கும் எமுலேட்டர் பற்றிப் போன மாதம் இந்தப் பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் சேலம் அம்மாபேட்டையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். 90-களில் டிவி கேம் செட்டுகளுக்குப் பற்றவைப்பு வைத்த அதே மேசையில்தான் இன்றும் வேலை செய்கிறேன்.

என் பையனுக்கு 11 வயது. போனில் எமுலேட்டர் போட்டு, கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய மரியோவை ஆடுகிறான். எத்தனையோ புது கேம் இருக்க, இதில் என்ன இருக்கிறது? நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், ஓமலூர்

நிறுத்த வேண்டாம் சகோதரி. நேரத்துக்கு ஓர் அளவு வையுங்கள், அது எந்த விளையாட்டுக்கும் வேண்டியதுதான். ஆனால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான் என்று கவனியுங்கள்.

என் அக்கா மகள் முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தாள். கடைக் கம்ப்யூட்டரில் எஃப்சிஇயூஎக்ஸ் என்ற எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அதுவரை பழைய கேம் என்றால் படம் சரியில்லாத கேம். இரண்டு நாள் ஓடினாள், குழியில் விழுந்தாள். மூன்றாம் நாள் மெனுவில் எதையோ தேடும்போது, கேமில் உள்ள படத்துண்டுகளை வரிசையாகக் காட்டும் ஜன்னல் ஒன்று திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, மேகமும் புதரும் ஒண்ணுதான்!" என்று கத்தினாள்.

உண்மைதான். 1985-ல் வந்த அந்த மரியோவில் மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். மொத்த கேமும் 40 கேபி. உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி என்றால், அந்த இடத்தில் 75 மரியோவை வைக்கலாம். படங்களுக்கு ஒதுக்கியது வெறும் 512 சதுரங்கள், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. அதற்குள்தான் மரியோ, ஆமை, செங்கல், கோட்டை எல்லாமே.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஜக்கார்டு தறியில் பட்டு நெய்தவர். "ஊடையை மாத்திட்டா அதே புட்டா வேற சேலைக்கு ஆச்சு, இதுல என்ன அதிசயம்" என்றார். ஊடை என்பது தறியில் குறுக்கே ஓடும் நூல். எமுலேட்டரை விளக்க இத்தனை வருடம் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. டிசைன் தறியில் இல்லை, ஓட்டை போட்ட அட்டையில் இருக்கிறது. பெட்டியில் சொருகும் கேம் கேசட் அந்த அட்டை மாதிரி. ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற பெட்டி தறி மாதிரி. நம் ஊரில் விற்றவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த பெட்டிகள். எமுலேட்டர், அந்தத் தறியின் ஒவ்வோர் அசைவையும் மென்பொருளாகவே கட்டி எழுப்பிய இன்னொரு தறி. மரத்தறி உளுத்துப் போனாலும் அட்டை இருந்தால் சேலை நெய்யலாம்.

மறுநாள் கடைக்கு வந்தவள் முதலில் கேட்டது கிராஃப் பேப்பர். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டுத் தாத்தாவும் பேத்தியும் ஒரு மயில் வரைந்தார்கள். எட்டில் அடங்கவில்லை, பதினாறுக்குப் போனார்கள். அடுத்த வாரம் கான்ட்ரா என்ற சுடும் கேமில் குண்டுகள் ஏன் விட்டுவிட்டு மினுங்குகின்றன என்று கேட்டாள். அந்தப் பெட்டியால் திரையின் ஒரு வரியில் நகரும் துண்டு எட்டுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது மறைந்துவிடும். அதனால் இந்த நொடித்துணுக்கில் சிலது, அடுத்ததில் வேறு சிலது என்று முறை வைத்துக் காட்டினார்கள். எமுலேட்டரில் இந்த எட்டு என்ற வரம்பை எடுத்துவிடும் வசதி உண்டு. போட்டும் எடுத்தும் பார்க்கச் சொன்னேன். உங்கள் பையனுக்கும் ஒருமுறை கம்ப்யூட்டரில் இதைக் காட்டுங்கள். அந்தக் காலத்துப் பெட்டியில் ஆடிய எங்களுக்கு இப்படித் திறந்து பார்க்க வழியே இருந்ததில்லை.

எனக்கு வயது 42. ஆசையாக எமுலேட்டர் போட்டேன். மரியோ பாட்டு என் நினைவில் இருப்பதைவிட வேகமாக ஓடுகிறது. என் நினைவு தப்பா, எமுலேட்டர் தப்பா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

இரண்டுமே தப்பில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடிய நம் நாட்டு டிவி 50 முறை. இங்கே விற்ற பெட்டிகளும் அதற்கேற்பச் செய்தவை. அந்த கேம்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி எடுத்து வைக்கும், பாட்டும் அப்படியே. அங்கே 10 நொடியில் முடிந்தது நமக்கு 12 நொடி ஆனது. சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் நிதானம்.

எஃப்சிஇயூஎக்ஸில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று மாற்றிப் பாருங்கள். ரஷ்யாவில் விற்ற இதே வகைப் பெட்டியின் பெயர் அது. நான் ஒரு நாள் கடை சாத்திய பிறகு அப்படி மாற்றிக் கேட்டேன். அந்த நாளில் சேலம் குகைப் பகுதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மணிக்கு 5 ரூபாய் என்று டிவி கேம் விடுவார்கள். ஒருவர் ஆட, ஏழு பேர் சுற்றி நின்று பார்ப்போம். கரண்ட் போனால் அந்த நிமிடங்களைக் கழித்துவிட்டு மீதியை ஆடவிடும் நல்ல மனசு அந்த வீட்டு அக்காவுக்கு. பாட்டு அந்த வேகத்தில் வந்ததும், நின்று பார்த்த பையன்கள் ஒவ்வொருத்தன் முகமும் வந்தது. விளக்கை அணைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழைய டிவி கேம் செட்டும் வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கியும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. புது எல்இடி டிவியில் சுட்டால் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
– ஒரு மாணவர், ஏற்காடு

துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம் தம்பி. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அதற்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். அதைக் கண் பார்த்தால் வாத்து விழும். பழைய குழாய் டிவி அந்தக் கணத்திலேயே வரைந்துவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கண் ஏமாந்துபோகிறது. எமுலேட்டரில் மவுஸையே துப்பாக்கியாக வைத்துக்கொள்ளலாம். யாராவது குழாய் டிவியைக் காயலான் கடைக்குப் போடப் போனால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டரில் செத்துப்போவதற்கு முன் சேவ் செய்து, திரும்பத் திரும்ப அங்கிருந்தே ஆடுவது ஏமாற்று வேலைதானே?
– ஒரு கல்லூரி மாணவி, தாரமங்கலம்

இல்லை. கடினமான ஓர் இடத்தைப் பழக அதுதான் நல்ல வழி. கான்ட்ராவிலேயே மேல் மேல் கீழ் கீழ் என்று அழுத்தி 30 உயிர் வாங்கித்தானே நாங்கள் ஆடினோம். பழகிய பிறகு, ஒருமுறை சேவ் இல்லாமல் முதலிலிருந்து ஆடிப் பாருங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? மனசு உறுத்துகிறது.
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

உறுத்துவது நல்லதுதான். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். எமுலேட்டர் என்ற மென்பொருள் வேறு, அதில் ஓடும் கேம் வேறு. சோனியின் பிளேஸ்டேஷன் கேம் பெட்டிக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி போட்ட வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. கேமின் உரிமை மட்டும் அதைச் செய்த நிறுவனத்திடம் இருக்கிறது. நாம் ஆடிய 9999 கேம் மஞ்சள் கேசட்டுகள் அனுமதியில்லாத நகல்கள். அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும், அதனால் என் கடையில் யார் போனிலும் கேம் ஏற்றித் தருவதில்லை. நிறுவனங்களே பழைய கேம்களைத் தொகுத்து விற்கின்றன. பழைய பெட்டிக்காகவே இன்றும் புதிதாக எழுதி இலவசமாகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். நோவா த ஸ்குவிரல் என்ற அணில் கேமை அதன் நிரலோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தாலும் வாங்க வழியில்லை. பழைய புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படிக்கிற மாதிரி இவற்றையும் எடுத்து ஆட நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எமுலேட்டரில் ஆடிய என் மகள், "நிஜப் பெட்டியில் ஆடணும்" என்கிறாள். 25 வருடமாகப் பரணில் கிடக்கும் என் செட்டை அப்படியே போடலாமா?
– ஒரு தந்தை, அயோத்தியாப்பட்டணம்

இந்த மாதம் எனக்கு வந்ததில் மனசு நிறைந்த கேள்வி இது. அவசரப்பட்டு பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் அடாப்டரைப் பாருங்கள். வயர் வெடித்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியில் எழுதியிருக்கும் அதே வோல்ட்டில் புதிது வாங்குங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் பெட்டி போய்விடும், அதையும் கேட்டு வாங்குங்கள். கேசட்டை நாம் செய்த மாதிரி ஊத வேண்டாம், வாயின் ஈரம் செப்புப் பற்களை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது துடைக்கும் பஞ்சில் நனைத்து, பற்களை மெல்லத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். அப்படியும் படம் வராவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை மேசை காலியாகத்தான் இருக்கும். அவள் எதிரிலேயே பெட்டியைத் திறப்போம்.