இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ.: மருத்துவமனை மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. முதுகுவலிக்குத் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது முறை போனபோது, கால் கனக்கிறது, நடை தடுமாறுகிறது என்றோம். இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பத்தே நாளில் சிறுநீர் அடைத்து, இரண்டு கால்களும் செயலிழந்தன. வேறு மருத்துவமனையில் முதுகெலும்பு முழுவதையும் ஸ்கேன் செய்தபோது, நெஞ்சுப் பகுதி முள்ளெலும்பில் காசநோய்ச் சீழ் தண்டுவடத்தை அழுத்துவது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் நடக்கவில்லை. நியாயம் கேட்கப்போன எங்களை அந்த மருத்துவர் அவமானப்படுத்தினார். இப்போது நிர்வாகம் ஆறு லட்சம் தருவதாகச் சொல்லியனுப்புகிறது. போலீசில் புகார் கொடுக்கலாமா? — வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: இழப்பீடு கேட்டு நீங்கள் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். அவமானப்படுத்தியதற்கு அங்கே விலை கிடையாது; அதை மனுவில் எழுதாதீர்கள். போலீஸ் புகாரும் வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் தேவை என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது முறை சென்ற அன்று, கால் தடுமாற்றத்தைப் பற்றி ஓ.பி. சீட்டில் என்ன எழுதப்பட்டது என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுவதால், கால் விறைப்பதும், முழங்காலைத் தட்டினால் மிகையாகத் துள்ளுவதும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலெழுவதும் அழுத்தம் அதற்கு மேலே இருப்பதைக் காட்டும். அவற்றைக் குறித்து வைத்துவிட்டு இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தால் மருத்துவருக்குப் பதில் சொல்வது கடினம். காலைப் பரிசோதித்ததற்கான குறிப்பே இல்லாவிட்டாலும் உங்களுக்கு வாதம் உண்டு. 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதி, கால் சக்தி சரியாக இருப்பதாகவும் குறித்திருந்தால், அந்த ஸ்கேன் நியாயமானதாகிவிடும்.

என் கட்சிக்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்: ஆவணங்களைப் பார்க்காமலே, ஆத்திரத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வரும் நகலில், 'முழு எம்.ஆர்.ஐ. அறிவுறுத்தப்பட்டது, வசதியில்லை என்று உறவினர் மறுத்தனர்' என்றொரு வரி இருக்கிறது, சில வேளை அதன் கீழே அவர்களுடைய கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே முதலில் எழுத்துமூலம் நகல் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்கேன் மையத்துக்குக் கொடுத்த பரிந்துரைச் சீட்டும், ஃபிலிம் மட்டுமல்லாமல் சி.டி.யும் அவசியம். இடுப்பு எம்.ஆர்.ஐ.யோடு முதுகெலும்பு முழுவதையும் ஒரு 'ஸ்கிரீனிங்' எடுத்துவைப்பது பல மையங்களில் வழக்கம். அந்தப் படத்தில் சீழ் தெரிந்தும் அறிக்கை மௌனமாக இருந்தால், நீங்கள் வழக்குத் தொடுக்க வேண்டிய ஆளே மாறிவிடுவார். சி.டி.யை வேறொரு கதிரியக்க மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

தவறை நிரூபித்தாலும் பாதிக் கிணறுதான். அன்றே கண்டுபிடித்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்பதையும் நிரூபிக்க வேண்டும். தண்டுவட அழுத்தத்தில், சிகிச்சை தொடங்கும்போது நோயாளி நடந்துகொண்டிருந்தாரா என்பதே பெரும்பாலும் பின்விளைவைத் தீர்மானிக்கிறது. உங்கள் கணவர் ஸ்கேன் மையத்துக்கு நடந்தே வந்தார் என்பதற்கு ஏதாவது பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பேசித் தீர்ப்பதே உங்களுக்கு நல்லது என்பது என் வெளிப்படையான கருத்து. 1990-ல் ஹைதராபாத்தில் முதுகெலும்பையொட்டிய கட்டிக்கான அறுவை சிகிச்சையில் கால்களை இழந்த பொறியியல் மாணவருக்கு உச்ச நீதிமன்றம் 1 கோடி ரூபாய் வழங்கியது உண்மைதான். ஆனால் அது 2009-ல் வந்தது. உங்கள் கணவரின் பிசியோதெரபிக்கு இப்போதே பணம் வேண்டும்.

ஆனால் ஆறு லட்சத்துக்கு உடனே தலையாட்டாதீர்கள். இதுவரை ஆன செலவு, இழந்த வருமானம், இனி ஆகும் பராமரிப்புச் செலவு மூன்றையும் கணக்கிட்டு, ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சுவார்த்தை நடப்பதால் மனு தாக்கல் செய்வதற்கான காலக்கெடு நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தரும் இரண்டு ஆண்டை, அந்த இடுப்பு ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதும் தொகை கைக்கு வரவில்லையென்றால், மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், டிமாண்ட் டிராஃப்டைப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.