நாலு லட்சத்துக்கு ‘ஆல் இந்தியா’ துப்பாக்கி லைசென்ஸ்: வாங்கலாமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வயது 41. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் சிறு விவசாயிகளிடம் காய் எடுக்க அடிக்கடி ரொக்கத்துடன் மலையேற வேண்டியிருக்கிறது. போன வருடம் இரவில் போடிமெட்டு இறக்கத்தில் பைக்கில் வந்த இருவர் வண்டியை மறித்தார்கள். பின்னால் ஒரு லாரி வந்ததால் தப்பித்தேன். பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? பட்ஜெட் ஒன்றரை லட்சம். தெரிந்தவர் ஒருவர், வடக்கிலிருந்து ஆல் இந்தியா லைசென்ஸ் நாலு லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். 74 வயதான என் அப்பாவிடம் லைசென்ஸுடன் பழைய டபுள் பேரல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது.

பதில் (ஆயுத உரிம வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

அந்தத் தெரிந்தவரிடம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ரிவால்வரா பிஸ்டலா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் தப்பு நடந்தால் கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான். லைசென்ஸில் தப்பு நடந்தால் ஜெயில்.

‘வடக்கிலிருந்து’ என்றால் பெரும்பாலும் ஜம்மு காஷ்மீர், இல்லையென்றால் நாகாலாந்து. ஜம்மு காஷ்மீரில் மட்டும் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சிபிஐ சொல்கிறது. ஆட்சியராக இருந்தவர்கள் வரை கைதானார்கள். வேலை எப்படி நடக்கும் என்றால், உங்கள் பெயரில் அங்கே ஒரு முகவரி தயாராகும். சில சமயம் நீங்கள் அந்தப் பகுதியில் பணிபுரியும் படைவீரர் என்றே ஒரு தாள் முளைக்கும். கைக்கு வரும் புத்தகத்தில் முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அலுவலகம் உண்மை, புத்தகம் உண்மை, நீங்கள் அங்கே குடியிருந்தது மட்டும் பொய்.

அப்புறம் தேனிக்கு வந்து துப்பாக்கியைப் பதிய வேண்டும். இங்கிருந்து அந்த மாவட்டத்துக்கு ‘இது நீங்கள் கொடுத்ததுதானா’ என்று கேட்டுக் கடிதம் போகும். அங்கே கோப்பு இல்லை என்றோ, முகவரி பொய் என்றோ பதில் வந்தால், உங்கள் இடுப்பில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அந்தத் தெரிந்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. எல்லாக் கையெழுத்தும் உங்களுடையது. இப்படி மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களில் ரவுடி யாரும் இல்லை. ஜவுளிக்காரர், ரியல் எஸ்டேட்காரர், நகைக்கடைக்காரர், எல்லோரும் உங்களைப் போன்றவர்கள்தான்.

இதைவிட மலிவான பொறி செல்போனில் வருகிறது. ‘கொஞ்சம் முன்பணம் போடுங்கள், மீதியைச் சரக்கு கைக்கு வந்ததும் கொடுக்கலாம்’ என்று பிஸ்டல் படம் போடுகிறார்கள். பாதி பேர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு நம்பரை மாற்றிவிடுவார்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பாதியிடம் மாட்டுவீர்கள். மீதிப்பேர் உண்மையிலேயே அனுப்புவது பீகார் முங்கேர் பக்கத்துக் கள்ளப் பட்டறைச் சரக்கு, மேலே ‘மேட் இன் இத்தாலி’ என்று பொறித்திருக்கும். அது 9 மி.மீ. தோட்டா போடும் பிஸ்டலாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். அந்த அளவு பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, 14 வரை போகலாம்.

சரி, நேர்வழி. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. படிவம் ஏ-1இல் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம். அடையாளம், முகவரி, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பழகியதற்கான சான்று, வீட்டில் பூட்டிப் பாதுகாப்பேன் என்ற உறுதிமொழி, இவையெல்லாம் வழக்கமான தாள்கள். அரசுக் கட்டணம் சில ஆயிரத்தைத் தாண்டாது. இதற்கு நாலு லட்சம் கேட்கிறார்கள் என்றால் அது எங்கே போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்த 60 நாளில் ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. நடப்பு வேறு. கோப்பு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து ஸ்டேஷன், திரும்ப மேலே, நடுவில் ஒரு குறிப்பு, அதற்கு ஒரு விளக்கம் என்று மாதக்கணக்கில் ஊர் சுற்றும். கேட்டால் ‘பந்தோபஸ்து டூட்டி சார்’ என்பார்கள். அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் ஆட்சியரே உத்தரவு போடலாம் என்று சட்டம் 13ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியைத் தானாகப் பயன்படுத்திய ஆட்சியர் யாரையும் எனக்குத் தெரியாது. புரோக்கர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தால்தான். 60 நாளில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு தாள் கொடுத்தால் அவர்கள் கடையை மூடிவிடுவார்கள். ‘இல்லை’ என்றாலும் பயப்பட வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்று சொல்லி அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள். தாளாக வாங்குங்கள்.

மனுவில் என்ன எழுதுவது? ‘என் உயிருக்கு ஆபத்து’ என்று ஒற்றை வரியில் எழுதுகிறார்கள். அது எல்லோரும் எழுதுவது. தொழிலின் தன்மையால் உண்மையான தேவை உள்ளவரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குத் தக்கபடி எழுதுங்கள்: ஏலக்காய் வணிக உரிமம், ஜி.எஸ்.டி., எந்த ஊரில் எந்த நாளில் கொள்முதல், எந்தச் சாலையில் எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள். போன வருடம் வழிமறித்தார்களே, அன்று புகார் கொடுத்தீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. கொடுத்திருந்தால் அந்த ரசீதுதான் உங்கள் மனுவின் முதல் இணைப்பு. கொடுக்காவிட்டால் ஸ்டேஷன் அறிக்கையில் ‘அச்சுறுத்தல் ஏதும் இல்லை’ என்று ஒரு வரி வரும். கோப்பு அதோடு படுத்துவிடும்.

இன்னொன்று. வேகத்தில் ‘வாரம் 10 லட்சம் ரொக்கமாகக் கொண்டுபோகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். அது அரசு அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்கப்போகும் தாள். ஒரே ஆள் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சிறு விவசாயிகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பது வேறு விஷயம். ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொகையை எழுதுங்கள்.

இப்போது உங்கள் அப்பா. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். 2016 விதிகளில் 25ஆம் விதி, லைசென்ஸ் வைத்திருப்பவர் இறந்த பிறகு மட்டுமல்லாமல், அவர் உயிரோடு இருக்கும்போதே 70 வயதைத் தொட்டுவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் குறிப்பிடும் சட்ட வாரிசுக்கு மாற்றித்தர வழி செய்கிறது. இரண்டில் எது முந்துகிறதோ அது. உங்கள் அப்பாவுக்கு 74. ஆகவே இன்றைக்கே முடியும். இந்த வழியில் வாரிசின் தகுதியும் காவல்துறை அறிக்கையும் சரியாக இருந்தால் போதும். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்ற பஞ்சாயத்து பெரிதாக வராது. அப்பாவின் எழுத்து, உங்கள் விண்ணப்பம், உடன்பிறந்தவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். தங்கையோ அக்காவோ வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள். அப்பா காலத்துக்குப் பிறகு கேட்டால் அதனுடன் தோட்டப் பங்கும் பேச்சுக்கு வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

‘எனக்கு அந்த நீளத் துப்பாக்கி எதற்கு?’ என்பீர்கள். உண்மைதான், காரில் வைத்துக்கொண்டு போக அது உதவாது. ஆனால் அதை மாற்றி வாங்கியதும் உங்கள் பெயரில் லைசென்ஸும் தேசியப் பதிவில் தனி எண்ணும் வந்துவிடும். மாவட்டத்தில் சரிபார்த்து முடித்த ஆள் ஆகிவிடுவீர்கள். அதன்மேல் கைத்துப்பாக்கி ஒன்றைச் சேர்க்கக் கேட்பது, ஒன்றுமில்லாமல் போய் நிற்பதைவிட எளிது. கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி தேவைதான், அது தானாக வராது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற 2019 வரம்பில், வாரிசாக வந்ததும் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த இரண்டோடு உங்கள் கணக்கு முடிந்தது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா காலமான மறுநாள் முதல் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி எல்லாம் முறையாக நடக்கும். துப்பாக்கி மட்டும் பீரோவுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றியபடியே நிற்கும். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அப்பா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

அடுத்து எல்லை. லைசென்ஸில் அது எங்கே செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிய நொடியில் உங்களிடம் இருப்பது அனுமதியில்லாத ஆயுதம். உங்களுக்கு ஆபத்தான சாலையின் பாதி கேரளத்தில் இருக்கிறது. பூப்பாறைக்குப் போக வேண்டும் என்று கேரளத்தையும் சேர்க்கச் சொல்லி, காரணத்துடன், விண்ணப்பத்திலேயே கேளுங்கள். கிடைக்காவிட்டால் துப்பாக்கியைப் போடியில் பூட்டிவிட்டு மலையேற வேண்டும். அப்படி ஒரு துப்பாக்கி எதற்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏலத்தில் எடுத்த காய்க்கும் தோட்டக்காரர்களுக்கும் முடிந்தவரை வங்கி வழியாகப் பணம் அனுப்புவது என் கட்சிக்காரர்கள் பலருக்குத் துப்பாக்கியைவிட நல்ல பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

கடைசியில், உங்கள் முதல் கேள்வி. புதியவருக்கு ரிவால்வர். தோட்டா வெடிக்காமல் போனால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், தோட்டா உள்ள அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா சிக்கினால் அதை எடுத்துவிடக் கை பழகியிருக்க வேண்டும். இருட்டில், பதற்றத்தில், அது புதியவருக்கு வராது. நமக்கு அனுமதி உள்ள தோட்டா அளவுகளில் எளிதாகக் கிடைப்பது .32. இங்கே ஒரு குழி இருக்கிறது: ரிவால்வரின் .32 தோட்டா வேறு, பிஸ்டலின் .32 தோட்டா வேறு. பெட்டியில் இருக்கும் எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கக்கூடாது. லைசென்ஸிலும் ரிவால்வரா பிஸ்டலா என்று தெளிவாக எழுத வையுங்கள்.

கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர்கள் எல்லா ஊரிலும் தெரிந்தவை. அவற்றில் 2014இல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரின் எடை அரைக் கிலோதான். அப்போதே விலை சுமார் 1.22 லட்சம். 2023இல் வந்த ‘பிரபல்’ என்ற ரிவால்வரும் இருக்கிறது. உங்கள் ஒன்றரை லட்சம் இப்போது இழுபறிதான். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. கடைக்காரர் சொல்லும் விலை வரிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். லைசென்ஸ் கைக்கு வரும் முன் ‘புக்கிங்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

‘ஃபாரின் பீஸ் சார், ஜெர்மன்’ என்று யாராவது வருவார்கள். பொதுமக்களுக்கான இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டது. அப்படி இருப்பதெல்லாம் அதற்கு முன் வந்து கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. நாற்பது வருடப் பழசுக்குப் பல லட்சம் கேட்பார்கள், ஸ்பிரிங் உடைந்தால் உதிரிக்கு எங்கே போவீர்கள்? தனியாரிடம் வாங்குவதானாலும், விற்பவர் ஆட்சியருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் ஆகியிருக்க வேண்டும். ‘இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பவரிடம் எடுக்காதீர்கள்.

வாங்கியதும் ஆட்சியர் அலுவலகத்தில் காட்டி எண்ணைப் பதியுங்கள். வெளியே எடுத்துப் போனால் உறையில் இருக்கட்டும். கோயில் திருவிழா, கல்யாண வீடு எதற்கும் கொண்டுபோக வேண்டாம். மகிழ்ச்சியில் வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், ‘துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுங்கள்’ என்று. யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவராகப் பரிசீலித்து முடிவு செய்யத்தான் மாவட்டத்தில் ஒரு குழு இருக்கிறது. ஆனால் எழுத்தர் பட்டியலை மேலிருந்து கீழே படித்து எல்லோரையும் கூப்பிடுவார். வாரக்கணக்கில் உங்கள் பாதுகாப்பு ஸ்டேஷன் அறையில் கிடக்கும். எனவே ஒப்படைக்கும்போது எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் குறித்த ரசீது வாங்குங்கள். ஸ்டேஷன் ஈரத்தில் துருப்பிடிக்கும் என்று நினைத்தால் லைசென்ஸ் பெற்ற கடையில் வைத்துவிட்டு அந்த ரசீதை ஸ்டேஷனில் காட்டலாம். வாடகை கொஞ்சம் ஆகும், ஆனால் திரும்ப வரும்போது அது சுடும் நிலையில் இருக்கும்.