கடற்படையின் மருத்துவக் கப்பலில் தொண்டுத் தாதியாகப் போக விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதும் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். திருகோணமலையில் பிறந்து, நீண்ட காலமாகச் சான் டியாகோவில் வாழும் நீங்கள், தாதியாகப் பதிவு பெற்றுப் பதினான்கு மாதங்களே ஆன உங்கள் மகள் கடற்படைக் கப்பலில் தொண்டு செய்யப் போவதாகச் சொன்ன இரவு உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்படை என்ற சொல் நம் ஊர்க் கரையோர மக்களின் நெஞ்சில் எதை எழுப்பும் என்பது எனக்குத் தெரியும்; அந்த அச்சத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் கப்பல் எப்படிப்பட்டது, அதில் உங்கள் மகள் யாராக இருப்பார் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது பிரிந்து தெரியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை போகலாம், ஆனால் இந்த ஆண்டு போகக் கூடாது.

அவர் சொல்வது அமெரிக்கக் கடற்படையின் மேர்சி என்னும் கப்பலை. உங்கள் நகரமே அதன் தாய்த் துறைமுகம் என்பதால், வெள்ளை உடலில் பெரிய செஞ்சிலுவைகள் தீட்டப்பட்ட அந்தக் கப்பலை நீங்களே பார்த்திருக்கக்கூடும். எண்ணெய் ஏற்றும் கப்பலாகக் கட்டப்பட்டு, 1986-இல் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டுக் கடற்படையிடம் வந்தது. நீளம் ஏறத்தாழ 272 மீற்றர், நோயாளர் படுக்கைகள் 1,000, சத்திரசிகிச்சைக் கூடங்கள் 12. கொம்ஃபர்ட் என்னும் அதன் சோதரக் கப்பல் அத்திலாந்திக் கரையில் நிற்கிறது. இவற்றில் மருத்துவப் பணியைப் பெரும்பாலும் கடற்படையினர் பார்த்தாலும், கப்பலை ஓட்டுபவர்கள் படைவீரர் அல்லாத, குடிமக்களான மாலுமிகள். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி மருத்துவக் கப்பல்களைத் தாக்குவது குற்றம். அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக அவை தாக்குதலுக்கான ஆயுதங்களைச் சுமக்கக் கூடாது, எந்தத் தரப்பு நோயாளரையும் மறுக்கவும் கூடாது.

உங்கள் மகள் அந்தக் கப்பலில் படைவீரராக ஏறப்போவதில்லை என்பதே நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் செய்தி. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் மேர்சி இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்குச் சென்றபோது, புரொஜெக்ட் ஹோப் என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாகக் குடிமக்களான மருத்துவர்களும் தாதியரும் அதில் சேர்ந்து பணியாற்றினர். 2006 முதல் ‘பசிபிக் பார்ட்னர்ஷிப்’ என்ற பெயரில் நடைபெறும் பயணங்களிலும், 2010-இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது கொம்ஃபர்ட் கப்பலிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. தொண்டராகச் செல்பவர் படையில் பெயர் பதிவதில்லை, பதவிப் பிரமாணம் செய்வதில்லை, பல ஆண்டு சேவைக்குக் கட்டுப்படுவதும் இல்லை. பெரும்பாலும் சில கிழமைகள் பணியாற்றிவிட்டுத் திரும்புகிறார். கப்பலின் ஒழுங்குவிதிகளுக்கும் பாதுகாப்புக் கட்டளைகளுக்கும் மட்டும் அவர் உட்பட்டாக வேண்டும். இதற்கு நேர்மாறானது கடற்படையின் தாதியர் படைப்பிரிவு: 1908-இல் தொடங்கப்பட்ட அதில் அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமையும் தாதியியல் பட்டமும் வேண்டும், சேர்ந்தபின் குறித்த ஆண்டுகள் சேவை செய்தாக வேண்டும். மகள் கையெழுத்திட இருக்கும் பத்திரம் இவ்விரண்டில் எதற்கு உரியது என்பதை நீங்களும் அவரும் சேர்ந்திருந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். இளையோர் சிலர் இந்த வேறுபாட்டை அறியாமலே ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் படிகளில் ஏறிவிடுகிறார்கள்.

நம் நாட்டோடு இந்தத் தொண்டுக்கு இருக்கும் உறவு நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்கக் கடற்படையின் பழைய மருத்துவக் கப்பலான கொன்சொலேஷன், அதே புரொஜெக்ட் ஹோப் நிறுவனத்துக்காக ஹோப் என்று பெயர் மாற்றப்பட்டு, 1960 முதல் 1974 வரை குடிமக்களான மருத்துவர்களையும் தாதியரையும் ஏற்றிப் பல நாடுகளுக்குச் சென்றது; 1968-69-இல் அது இலங்கைக்கும் வந்திருந்தது. நோயாளருக்குச் சிகிச்சை அளிப்பதோடு நில்லாமல், அந்தந்த நாட்டு மருத்துவர்களையும் தாதியரையும் கப்பலுக்கு அழைத்துப் பயிற்றுவிப்பதே அந்தப் பயணங்களின் முதன்மை நோக்கமாக இருந்தது. பின்னர், 2018 ஏப்ரல் இறுதியில், மேர்சி உங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கே வந்து நின்றது. பெரிய கப்பல் நெருங்க முடியாத கரைகள் எத்தனையோ இருக்க, உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது என்பதை இங்கே நினைக்கையில் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அத்தகைய துறைமுகத்தில், நோயாளியின் வலியைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொல்லக்கூடிய ஒரு தாதியின் மதிப்பு என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நான் ஏன் இந்த ஆண்டு வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் உண்மையில் இதுதான். நகரத்து வைத்தியசாலையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் தாதிக்கு ஐயம் எழுந்தால், பக்கத்து நோயாளர் விடுதியில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் இருப்பார். நோயாளியின் பழைய பதிவுகள் கணினியில் இருக்கும். வேண்டிய நிபுணர் தொலைபேசித் தொலைவில் இருப்பார். கப்பலுக்கு வரும் நோயாளியோ பெரும்பாலும் எந்தப் பதிவும் இல்லாமல், சிறு படகிலோ ஹெலிகொப்டரிலோ ஏற்றப்பட்டு, மொழி தெரியாத இடத்துக்கு வந்து சேருகிறார். படுக்கைகள் பல மேலும் கீழுமாக அடுக்கப்பட்டவை. மேற்படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கவனிப்பதே பழக்கம் தேவைப்படும் ஒரு வேலை. தரை அசையும்போது ஊசி போடவும், குமட்டல் தமக்கே இருக்கும்போது பிறரின் குமட்டலைக் கவனிக்கவும் வேண்டும். உதட்டுப் பிளவு, குடலிறக்கம், கண்புரை போன்ற சத்திரசிகிச்சைகள் குறுகிய நாள்களுக்குள் அடுத்தடுத்து நடப்பதால், மயக்கம் தெளியும் நோயாளியின் மூச்சில் ஏற்படும் சிறு மாற்றத்தை இயந்திரம் காட்டுவதற்கு முன்பே கண்டுகொள்ளும் கண் தேவை. அந்தக் கண் பதினான்கு மாதங்களில் வருவது அரிது. ஹெயிட்டியில் கொம்ஃபர்ட் கப்பலில் 800-க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன. நசுங்கிய கைகால்களோடு வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அத்தகைய விடுதிக்குக் கற்றுக்கொள்ள வரும் தாதியைவிட, பிறர் சாய்ந்துகொள்ளக்கூடிய தாதியே வேண்டும்.

ஆகவே, சத்திரசிகிச்சை விடுதியிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ குறைந்தது இரண்டு முழு ஆண்டுகளையாவது உங்கள் மகள் நிறைவு செய்யட்டும் என்பது என் ஆலோசனை. அந்தக் காலத்தில் உயிர்காப்புச் சான்றிதழ்களைப் புதுப்பித்துக்கொள்வதும், குழந்தை நோயாளரைக் கவனிக்கும் பயிற்சியைப் பெறுவதும், தடுப்பூசிப் பதிவுகளை ஒழுங்குபடுத்துவதும் நல்லது. தாம் வேலை செய்யும் வைத்தியசாலையிடம் சம்பளமற்ற விடுப்பு கிடைக்குமா, விடுப்பில் இருக்கும்போது மருத்துவக் காப்புறுதி தொடருமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிப் போய், திரும்பி வந்து வேறு விடுதிக்கு மாற்றப்பட்ட ஒரு தாதியை நான் அறிவேன். தொண்டு நிறுவனத்திடமும் பயணச் செலவு, தங்குமிடம், தொழிற்பிழைக் காப்புறுதி, நோயுற்றால் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஆகிய நான்கையும் எழுத்திலேயே கேட்கட்டும். மகளிடம் இன்னும் நிரந்தர வதிவிட அட்டைதான் இருக்கிறது என்றால், கப்பல் செல்லும் ஒவ்வொரு நாட்டுக்கும் அவருடைய கடவுச்சீட்டுக்கு விசா தேவையா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தொண்டு அவருடைய தொழிலுக்கு உதவுமா என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். சம்பள உயர்வை இதனால் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பேரிடர் மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தாம் கண்டதை நேர்மையாக எழுதத் தெரிந்த விண்ணப்பதாரரை அது தனித்துக் காட்டும்.

நேர்மையாக எழுதுவதற்கு அவர் ஒரு கடினமான செய்தியையும் கண்ணெதிரே பார்க்க வேண்டியிருக்கும். கப்பல் ஓரிடத்தில் சில நாள்களோ சில கிழமைகளோதான் நிற்கிறது. அது நங்கூரத்தைத் தூக்கிச் சென்றபின், தையல் பிரிந்தாலும் காயம் சீழ் பிடித்தாலும் நோயாளி போய் நிற்பது அந்த ஊர் வைத்தியசாலையின் வாசலில். அங்குள்ள தாதியிடம் மருந்தும் குறிப்பும் ஒழுங்காக ஒப்படைக்கப்படாவிட்டால் நன்மையாகத் தொடங்கியது துன்பமாக முடியலாம். இத்தகைய குறுகிய காலப் பயணங்களைப் பற்றி மருத்துவத் துறையினர் கூறும் முதன்மையான குறையும் இதுவே. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகையால், நிறுவனத்தின் நேர்காணலில் உங்கள் மகளிடம் கேள்விகள் உண்டா என்று கேட்கும்போது, கப்பல் புறப்பட்டபின் எங்கள் நோயாளரை யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்களிடம் எந்த மொழியில் எழுதப்பட்ட குறிப்பு போய்ச் சேரும் என்று அவர் கேட்க வேண்டும். தெளிவான பதில் இல்லாத பயணத்தைத் தவிர்த்து அடுத்ததற்காகக் காத்திருக்கட்டும்.

வரும் பத்து மாதங்களில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கட்டும். அந்தக் கடிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். அதற்கிடையில் வீட்டில் அவரோடு தமிழிலேயே பேசுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒரு மூதாட்டியிடம் தயக்கமின்றிக் கேட்க அவரால் முடிய வேண்டும். அதை உங்களைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கக்கூடியவர் சான் டியாகோவில் வேறு யாரும் இல்லை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்