தூண்டிலும் கையுமாக இருக்கும் பெண் என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் விடுமுறை விட்டால் தூண்டிலும் கையுமாக நீர்க்கரையில்தான் இருக்கிறாள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் வேறு நடத்துகிறாள், இதற்கெல்லாம் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மீன்வள ஆய்வு, நீர்த்தரப் பரிசோதனை, மீன் காட்சியகம், சுற்றுச்சூழல் கல்வி என்று வழிகள் இருக்கின்றன. எனக்கென்னவோ, தூண்டிலைவிட அந்தப் பாடம் நடத்துவதுதான் கவனிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது.

உயிரியலும் வேதியியலும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 50 மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து 40 மீன் பிடித்தால், அதில் 10-ல் அடையாளம் இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு. அப்படியென்றால் முதலில் அடையாளமிட்ட 50 மீனும் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும்; குளத்தில் ஏறத்தாழ 200 மீன் இருக்கலாம். டென்மார்க் அறிஞர் பீட்டர்சனின் பெயரால் வழங்கும் முறை இது. ஒரு கிண்ணம் மணிகளை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். "அடையாளம் உதிர்ந்துபோயிருந்தால்? இடையில் புதுக் குஞ்சுகள் சேர்ந்திருந்தால்?" என்று கேட்டாள் என்றால், இந்தத் துறைக்கு வேண்டிய மூளை அவளிடம் இருக்கிறது.

இது வெறும் விளையாட்டுக் கணக்கும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் (cod) என்னும் உணவு மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, 1992-ல் அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். அளவுக்கு மீறிப் பிடித்தார்கள்; கடலில் இருந்த மீனை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, மீனைக் காக்க நினைப்பவள் மீன் பிடிக்கலாமா? தாராளமாக. ஆனால் முறை தெரிந்து பிடிக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் நோயைத் தடுக்கும் வழவழப்புப் படலம் போய்விடும். தூண்டில் முள்ளின் நுனிக்கருகே பின்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரை நசுக்கிவிட்டால் காயம் குறையும். பெரிய சினை மீனை நீரிலேயே விட்டுவிடலாம். பெரிய மீன் இடும் முட்டை பல மடங்கு அதிகம். நீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும், அப்போது களைத்த மீன் தேறுவது கடினம். இந்தக் காரணங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல வருகிறதா என்று பாருங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவளுக்கு நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறாள் என்றால் கல்விப் பணி பொருந்தும். அவர்களை மறந்து, பிடித்த மீனின் நீளத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றால் ஆய்வு. பதினொன்றாம் வகுப்பில் உயிரியலோடு கணிதமும் இருக்கும் பிரிவாக எடுங்கள். பட்டப்படிப்பை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.